கதிரவேலு மாஸ்டர் கொடுத்த பட்டங்கள்

சண்டிலிப்பாய்க் கதிரவேலு மாஸ்டருக்கு இங்கிலீசு என்றால் உயிர். அதிலும் எல்லோருக்கும் தெரிந்த சொல் ஆகாது. அகராதியின் மூலையில் கிடப்பதைத் தோண்டி எடுத்து யார் தலையிலாவது போட்டால்தான் மனுசனுக்குச் சோறு இறங்கும். அகப்பட்ட தலை மனைவி சிவக்கொழுந்தினுடையது.

அவள் கழுவிய கீரையைத் திரும்பக் கழுவுவாள். கத்தரிக்காயில் ஒரு புள்ளி கண்டால் மாட்டுக்குப் போடுவாள். கொடியில் காயும் அவர் வேட்டியைப் போய்ப் போய் இழுத்துச் சுருக்கம் எடுப்பாள். “பேர்ணிக்கெற்றி” என்பார் மாஸ்டர். இன்னொரு நாள் “பினிக்கல்”. “நிமினிபிமினி” அகப்பட்ட அன்று பொழுதுபடும்வரை சிரித்தார்.

“அதெண்டால் என்னப்பா?” என்று கேட்டாள்.

“உன்னைப்போல ஆக்களுக்கு வெள்ளைக்காரன் குடுத்த பட்டம்.”

அவள் முகம் மலர்ந்துபோயிற்று. கிணற்றடியில் அயல் பெண்களுக்கெல்லாம் பட்டங்களைச் சொல்லிப் பெருமைப்பட்டாள். மாஸ்டர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், திருத்தவில்லை. பாழாய்ப்போன பகிடி அவருக்கு இனித்தது.

தைப்பொங்கலுக்கு அவருடைய அக்கா மகள் பராசக்தி வந்தாள். உடுவில் பள்ளிக்கூட விடுதியில் தங்கி இங்கிலீசு படிப்பவள். சனம் நிறைந்த வீட்டில் சிவக்கொழுந்து, “மாமி ஒரு பேர்ணிக்கெற்றி, பிள்ளை. மாமா சொல்லுறவர்” என்றாள்.

பிள்ளை தயங்கினாள். “மாமி, அது சின்னச் சின்னக் காரியத்துக்கெல்லாம் கரைச்சல் குடுக்கிற ஆளைச் சொல்லுறது.”

“பினிக்கல்?”

“அதுவும் அப்பிடித்தான். ஒண்டும் பிடிக்காமல் நொட்டை சொல்லுற ஆள்.”

“நிமினிபிமினி?”

“வீண் பவுசு காட்டுறவ, மாமி.”

சிவக்கொழுந்து அழவில்லை. யாருக்கு இன்னும் பொங்கல் வேண்டுமென்று கேட்டுப் பரிமாறினாள்.

மறுநாளிலிருந்து சோற்றில் கல், கீரையில் மண். வேட்டி கசங்கியபடி வந்தது. விளையாட்டு வினையாகிவிட்டதென்று மாஸ்டருக்கு விளங்கியது. “பகிடிக்குச் சொன்னனப்பா” என்றார்.

“ஓம், பகிடிதானே” என்றாள்.

சண்டை பிடித்திருந்தால் தாங்கியிருப்பார். இத்தனை காலமும் தன்னைத்தான் அவள் பார்த்துப் பார்த்துப் பேணினாள் என்பது இப்போதுதான் உறைத்தது. மனம் கேட்காமல் ஒரு நாள் சுளகை எடுத்து அரிசியில் தானே கல் பொறுக்கினார். அவள் அந்தப் பக்கம் வந்தாள்.

“இஞ்சை பார், சரியோ? இன்னும் கிடக்கோ?” என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

அவள் சுளகைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

“எனக்கு எல்லாம் சரிதான்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.