பார்த்து மாட்ட ஒரு பக்கம்

அப்பா கார்ச் சாவியை ஆணியில் மாட்டி இருபது நாள் ஆகியிருந்தது. "கண்ணு போச்சும்மா" என்று ஒரே வரியில் முப்பது வருச ஓட்டத்தை முடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுத் தையல்காரரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன வழியில் நாய் குறுக்கே ஓடியது. பிரேக்கை மிதித்ததும் வண்டி இடப்பக்கச் சுவரில் போய் மோதியது. தையல்காரரின் வலது கை முறிந்தது. தெருவுக்கு வாய் வலிக்குமா என்ன? கிழவனுக்குப் பார்வை இல்லை என்றது. அப்பாவும் நம்பிவிட்டார்.

மகள் நம்பவில்லை. அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள், மெக்கானிக்கல் படித்தவள். பிரேக் பிடித்ததும் வண்டி ஒரு பக்கம் இழுத்திருக்கிறது; அதற்கு எந்த மூக்குக்கண்ணாடி போட? மோதியதற்கு முந்தின நாள்தான் தாய்மாமன் ஒர்க்‌ஷாப்பில் முன்சக்கரம் இரண்டுக்கும் புது பிரேக் லைனிங் போட்டிருந்தார்கள். மாமாவுக்கு எதிலும் அவசரம். மோதிய நாளிலிருந்து அவர் வாயே திறக்காதது அவளுக்குப் போதுமான சாட்சியாக இருந்தது.

மத்தியானம் மாமாவின் பட்டறையில் போய் நின்றாள். மோதிய வண்டி அங்கேதான் கிடந்தது. "வாங்க இன்ஜினியர், கை அழுக்காயிடுமே" என்றார் மாமா. அவள் சிரிக்கவில்லை. ஜாக்கி வைத்து, இடது சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிரம்மைச் சுற்றிலும் தட்டி உருவினாள். தூசியை ஈரத்துணியால் துடைத்தாள். அந்தப் பழைய வண்டிக்குச் சக்கரத்துக்கு இரண்டு பிரேக் ஷூ. முன்பக்கம் இருப்பதில் ஒட்டிய லைனிங் பட்டை குட்டை, பின்பக்கம் இருப்பதில் நீளம். இங்கே இரண்டுமே நீளம். வலதைத் திறந்தாள். இரண்டும் குட்டை. பிடி சமமில்லாமல் வண்டி இடதுக்கு இழுத்திருக்கிறது.

"உங்க லட்சணத்துக்கு எங்கப்பாவுக்குக் குருட்டுப் பட்டமா மாமா?"

மாமா கைத்துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"மாட்டினது நானில்லம்மா. உங்கப்பா."

அன்று மாமா ஸ்பிரிங் வாங்கக் கடைக்குப் போயிருந்தாராம். திரும்பி வந்தபோது சாக்கின் மேல் பழைய ஷூ நாலும் ஒரே குவியலாகக் கிடந்ததாம். தன் வண்டி பிரேக்கை அப்பாவே பார்ப்பார்; ஒருநாளும் இரண்டு சக்கரத்தைச் சேர்த்துத் திறக்க மாட்டார்; ஒன்று மூடியே இருக்கும். சந்தேகம் வந்தால் அதைத் திறந்து பார்த்து மாட்டுவார். அன்றைக்கு, விடிந்தால் தையல்காரரை ஏற்றிப்போக வேண்டுமே என்ற அவசரத்தில் இரண்டையும் சேர்த்தே கழற்றிவிட்டார்.

"குவியலப் பாத்ததுமே கேட்டிருக்கணும். அவர் வேலையப் போய் நான் கேக்கறதான்னு விட்டுட்டேன். மோதின அன்னிக்கு சாயங்காலம் திறந்து பாத்தேன். மூடிட்டேன். கண்ணு போச்சுன்னா விதின்னு கிடப்பாரு. கை தப்பு செஞ்சிடுச்சுன்னா தாங்குவாரா?"

"அதுக்காகக் கண்ணு இருக்கிறவரக் குருடனாக்கி மூலையில உக்கார வெப்பீங்களா?"

வழியெல்லாம் மாமாவைத் திட்ட யோசித்து வைத்திருந்ததை அவள் அங்கேயே விட்டாள். இடது பக்கத்து ஷூ இரண்டையும் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று வழியில் ஒரு தரம் தோன்றியது. தோன்றியதற்காகத் தன் மீதே எரிச்சல் வந்தது.

அப்பா முன்னால் பிரித்து வைத்தாள். அவர் குனிந்து பார்க்கவில்லை; கட்டைவிரலால் ஒன்றன்பின் ஒன்றாகத் தடவினார்.

"ரெண்டும் நீளம். இடதா?"

"இடதுப்பா. வலதுல ரெண்டும் குட்டை."

யார் மாட்டியது என்று அவர் கேட்கவில்லை. பிறகு எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். அவளும் பின்னால் போய் வாசலிலேயே நின்றாள். துணி போர்த்திய தையல் மெஷினுக்கு அந்தப் பக்கம் தையல்காரர், கட்டுப்போட்ட கையோடு.

"கண்ணால வந்தது இல்லைங்க. கண்ணு நல்லாத்தான் இருக்கு. என் கை செஞ்ச தப்பு" என்றார் அப்பா.

தையல்காரர் இடது கையால் மெஷின் துணியை இழுத்துவிட்டார். உட்காரச் சொல்லவில்லை. அப்பா திரும்பினார்.

வீட்டுக்கு வந்து சாவியை எடுக்காமல், ஷூவை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"வா, மாத்திடுவோம். ஓட்டுறத அப்புறம் பாப்போம்" என்றார். படியிறங்கும்போது, அவளிடம் சொன்ன மாதிரியும் இல்லாமல், "பாத்து மாட்ட இப்ப ஒரு பக்கமும் சரியில்ல" என்றார்.