வெள்ளைக்காரி வாடகை

"தனியாவா வந்தே?"

இந்த ஒரு கேள்வியை இரண்டு நாளில் எத்தனை பேர் கேட்டுவிட்டார்கள்! பாட்டிலில் பெட்ரோல் விற்கிறவள் கேட்டாள். இளநீர் சீவுகிறவன் கேட்டான். கடற்கரை வாசலில் வண்டிக்குச் சீட்டுக் கிழிக்கிறவன் கேட்டதோடு நிற்கவில்லை. பின்னால் எவனாவது இறங்கி வருகிறானா என்று ஹுஸ்னியாத்தியின் தோளுக்கு மேலே எட்டியும் பார்த்தான். அதே நேரம் ஒரு வெள்ளைக்காரி, அரைக்கால் சட்டையும் அலைச்சறுக்குப் பலகையுமாக, தன்னந்தனியாக வந்து இறங்கினாள். அவளிடம் அவன் கேட்கவில்லை. பல்லெல்லாம் தெரியச் சிரித்து, நிழல் பார்த்து வண்டியை நிறுத்தக்கூட உதவினான். ஹுஸ்னிக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது.

முப்பது வயது. மாத்தாரம் நகரத்து மருந்துக்கடையில் நின்று நின்றே காலில் நரம்பு சுருட்டிக்கொண்டவள். லொம்போக் தீவிலேயே பிறந்து வளர்ந்தும் அதன் தெற்குக் கரையை அவள் பார்த்தது அடுத்தவர் போனில்தான். எங்கிருந்தோ வருகிறவர்கள் எல்லாம் குளித்துவிட்டுப் போகும் கடலில் நான் ஒரு தடவை நனையக்கூடாதா என்று கேட்டுக்கொண்டு, தோழியின் ஸ்கூட்டரை இரவல் வாங்கி, ஒரு வாரம் லீவு போட்டுக் கிளம்பிவிட்டாள். பிராயாவில் இருக்கும் அண்ணன் ஜுமாகிரிடம் போனில் சொன்னபோது, "பொம்பளப் புள்ளைக்குக் கடற்கரையில தனியா என்னடி வேலை?" என்றான். "குளிக்கிற வேலை" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம், அவள் பார்க்க ஆசைப்பட்ட கரைக்கு இன்னும் ஒரு மேடு இருக்கும்போது, ஸ்கூட்டர் பெல்ட் அறுந்தது. சனியன், அறுவதற்கு வேறு இடமே கிடைக்கவில்லை. அந்த வழியாக சஹ்னுன் என்ற ஆள் வந்தான். கடற்கரைக் கிராமத்தில் பயணிகளுக்குக் குடில் வாடகைக்கு விடுகிறவன். தன் வண்டியில் உட்கார்ந்தபடியே ஒரு காலால் அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு மேடு ஏற்றினான்.

"மெக்கானிக் காலையிலதான் வருவாரு. ராத்திரி எங்க இடத்துலயே தங்கிக்குங்க. அம்மா இருக்காங்க" என்றான்.

அம்மா இருக்கிறாள் என்றதும் ஹுஸ்னிக்கு நிம்மதி. அந்த அம்மாவால்தான் வினையே வரப்போகிறது என்று யார் கண்டார்கள்?

இனாக் சஹ்னுன் என்றுதான் ஊரில் அவளுக்குப் பெயர். சஹ்னுனின் அம்மா என்று அர்த்தம். முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். பொழுது சாய்கிற நேரம். முன்னால் மகன். பின்னால் கையில் பையோடு, தலையில் முக்காடோடு, தன் இனத்துப் பெண். இனாக் முறத்தைக் கீழே போட்டாள். ஓடி வந்து ஹுஸ்னியின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. பாவம், குடிலுக்கு ஆள் வந்து ரொம்ப நாளாகியிருக்கும் என்று ஹுஸ்னி நினைத்துக்கொண்டாள்.

"நான் குடில்லயே தங்கிக்கிறேன், இனாக்."

"குடில் எதுக்கு மகளே? அது வெள்ளைக்காரங்களுக்கு. நீ வீட்டுக்குள்ள படு."

"வாடகை எவ்வளவு?"

"தூ! நம்ம பொண்ணுகிட்ட வாடகையா? வாயைக் கழுவு!"

அடித்துப் பொரித்த கோழி வந்தது. தேங்காய்ப்பூவும் வெல்லப்பாகும் போட்ட ஒட்டரிசிச் சோறு வந்தது. பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்த சரிகைப் புடவைத்துண்டு ஒன்று அவள் தோளில் விழுந்தது. எந்த ஊர், அப்பா பெயர் என்ன, அந்த ஊர்த் தலைவர் யார் என்று இனாக் கேட்கக் கேட்க, வாய் நிறையச் சோற்றோடு ஹுஸ்னி எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் துணைக்குப் படுக்க வந்தார்கள். இனாக்கும் பக்கத்திலேயே பாயை விரித்தாள். சஹ்னுன் நண்பன் வீட்டுக்குப் படுக்கப் போய்விட்டான். நல்ல மரியாதை தெரிந்த பையன் என்று நினைத்துக்கொண்டே ஹுஸ்னி தூங்கிப்போனாள்.

மண்டு! அவள் என்ன, வேற்றுத் தீவுக்காரியா? லொம்போக்கில் கல்யாணம் எப்படி நடக்கிறது என்று தெரியாதா? பிடித்த பெண்ணைப் பொழுது சாய்ந்ததும் பையன் யாருக்கும் தெரியாமல் அழைத்துக்கொண்டு போவான். அவளைப் பெண்களின் துணையோடு வீட்டில் வைப்பார்கள். பையன் வேறு இடத்தில் படுப்பான். பையன் ஊர்த் தலைவர் பெண் வீட்டுக்கு ஆள் அனுப்பிச் செய்தி சொல்வார். அதன் பிறகுதான் சீர், பேச்சு, மேளம் எல்லாம். செய்தி போனபின் திரும்பிப்போன பெண்ணை ஒருவனும் சீந்தமாட்டான். இத்தனையும் தெரிந்தவள்தான். ஆனால் பெல்ட் அறுந்த ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்ததைப் பெண் தூக்குவது என்று எவள் நினைப்பாள்?

காலையில் வெளியே வந்தால் முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. நடுவில் ஊர்த் தலைவர் ஹாஜி மஸ்கூர், கையில் காப்பியோடு. அவருக்கு எதிரே, விடியற்காலையிலேயே வண்டியை விரட்டிக்கொண்டு வந்த அண்ணன்.

"அண்ணே! நீ எங்க இங்க?"

"கேக்கறா பாரு கேள்வி!" ஜுமாகிருக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது. "ராத்திரியே சேதி வந்துருச்சு. அப்பா தலையில கை வச்சு உக்காந்திருக்காரு. கடலைப் பாக்கப் போறேன்னு சொன்னியே, இதுதான் கடலா?"

"என்ன சேதி?"

"கல்யாணச் சேதிம்மா" என்றார் ஹாஜி மஸ்கூர் சாவகாசமாக. "எல்லாம் முறைப்படிதான் நடந்திருக்கு. பயப்படாதே."

ஹுஸ்னிக்கு ஒரு கணம் காதில் ஒன்றும் விழவில்லை. பிறகு கோழியும், சரிகையும், துணைப்பெண்களும் வரிசையாக நினைவுக்கு வந்தார்கள். உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது.

"வண்டி ரிப்பேர்! அதனால தங்கினேன். அவரு யாருன்னே எனக்குத் தெரியாது!"

"தங்கினதுக்கு வாடகை குடுத்தியா?" என்றார் தலைவர்.

"இனாக்தான் வாங்கமாட்டேன்னாங்க."

"பாத்தியா? இந்தக் கடற்கரையில சும்மா தங்கவச்சு, கோழி அடிச்சுப் போட்டு, சரிகை போத்தி விடற விடுதி எங்கம்மா இருக்கு?"

கூட்டம் சிரித்தது. ஜுமாகிர் சிரிக்கவில்லை. "இதோ பாரு. ஒரு ராத்திரி அவன் வீட்ல படுத்துட்ட. சேதியும் வந்துருச்சு. இனி உன்னைத் திருப்பிக் கூட்டிட்டுப் போனா நாங்க ஊர்ல நடமாட வேணாமா? பேசாம ஒத்துக்க. முப்பது வயசுல இதுக்கு மேல எவன் வரப்போறான்?"

ஒரு அறுந்த பெல்ட்டுக்காக ஆயுளுக்கும் ஒருத்தனுக்குச் சோறு ஆக்கிப் போடச் சொல்கிறான், கூடப்பிறந்தவன்! அவள் என்ன நினைக்கிறாள் என்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.

அப்போதுதான் கடைசிக் குடிலிலிருந்து ஹைக்கே வந்தாள். ஜெர்மன்காரி. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பிச் சிரித்துவிட்டு, தன் மேஜையில் உட்கார்ந்து இனாக்கிடம் வாழைப்பழ அடை கேட்டாள்.

ஹுஸ்னி அவளை நோக்கிக் கையை நீட்டினாள். "இவ எத்தனை நாளா இங்க தங்கியிருக்கா?"

"மூணு வாரமா" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"மூணு வாரம்! அப்ப முதல்ல இவளுக்கு முடிங்க! இவங்க அப்பாவுக்கு ஆள் அனுப்பினீங்களா? ஜெர்மனிக்குச் சேதி போயிருச்சா, தலைவரே? இவங்க அண்ணன் வண்டி ஏறிட்டானா?"

ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். தலைவர் காப்பியைக் கீழே வைத்தார்.

"அவ விருந்தாளி. நீ நம்ம பொண்ணு."

நம்ம பொண்ணு! மூன்று வாரம் தங்கினால் அவள் விருந்தாளி. ஒரு ராத்திரி கண்ணயர்ந்தால் இவள் சொத்து. அழுகை வந்துவிடுமோ என்று பயந்து ஹுஸ்னி இன்னும் சத்தமாகக் கத்தினாள். ஓரமாக நின்ற சஹ்னுனைப் பார்த்து நேராகவே கேட்டாள்.

"உங்க வாயில என்ன கொழுக்கட்டையா? நீங்க என்னைக் கல்யாணத்துக்கா கூட்டிட்டு வந்தீங்க? சொல்லுங்க!"

சஹ்னுன் தரையைப் பார்த்தான். ஊரைப் பார்த்தான். அத்தனை ஆண்களும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இல்லை என்று சொன்னால் காலத்துக்கும் கேலி. அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"ஆமா. நான்தான் தூக்கிட்டு வந்தேன். அவளும் விரும்பித்தான் வந்தா."

அடப்பாவி! ஹுஸ்னி பாய்ந்துவிடுவாள் என்று ஜுமாகிர் குறுக்கே வந்தான். ஆனால் அவளுக்கு முன்னால் அடுப்பங்கரையிலிருந்து ஒரு கரண்டி பறந்து வந்து சஹ்னுனின் முழங்காலில் விழுந்தது.

"பொய் சொல்ற வாயைப் பாரு!" இனாக் மாவுக் கையோடு வந்து நின்றாள். "பொண்ணைத் தூக்கற மூஞ்சியாடா இது? தலைவரே, இவ கல்யாணத்துக்கு வந்தவ இல்ல. ராத்திரி பூரா குறட்டை! எருமைகூட அப்படித் தூங்காது. நான் இந்த வீட்டுக்கு வந்த அன்னிக்குப் பொட்டுத் தூக்கமில்ல, எங்கம்மாவை நினைச்சு நினைச்சு தலகாணி ஊறிப்போச்சு. கூட்டிட்டு வந்த பொண்ணு எவளாவது குறட்டை விடுவாளா? துணைக்குப் படுத்தவளுங்களைக் கேளுங்க."

துணைக்குப் படுத்தவர்கள் முக்காட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார்கள்.

"ராத்திரியே தெரிஞ்சுதா உங்களுக்கு?" ஹுஸ்னியின் குரல் இறங்கியிருந்தது. "தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்க?"

"சேதி போயிருச்சே மகளே. மருமக வந்துட்டான்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இல்லேன்னு சொல்றது?"

"உங்க மூஞ்சிக்காக என் ஆயுசைக் கேப்பீங்களா?"

இனாக்குக்கு உதடு கோணியது. பிறகு மாவுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க ஹுஸ்னியின் முன்னால் நீட்டினாள்.

"வாடகையைக் குடு."

"இனாக்!" என்றார் ஹாஜி மஸ்கூர். "யோசிச்சுச் செய். வாங்கிட்டா அப்புறம் கல்யாணப் பேச்சில்ல."

"அதுக்குத்தான் கேக்கறேன்."

ஹுஸ்னி பையைத் திறந்தாள். "எவ்வளவு?"

"நம்மாளுங்களுக்கு நூறாயிரம் ருப்பியா."

"அவகிட்ட எவ்வளவு வாங்கறீங்க?" ஹைக்கேயின் பக்கம் தாடையைக் காட்டினாள்.

இனாக் குரலைத் தணித்தாள். "நானூறாயிரம். அது அநியாய விலைம்மா."

"அதையே வாங்கிக்குங்க."

"ஏய், உனக்குக் கிறுக்கா?" என்று ஜுமாகிர் கத்தினான். "நாலு மடங்குடி!"

"இருக்கட்டும். விருந்தாளி அவ்வளவு குடுத்தாத்தான் விருந்தாளின்னா, நானும் அவ்வளவே குடுக்கறேன்." தோளில் கிடந்த சரிகையை எடுத்து மடித்து, அதன் மேல் நோட்டுகளை வைத்து நீட்டினாள். இனாக் தலைவரின் கண்ணெதிரிலேயே நோட்டுகளை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஹாஜி மஸ்கூர் மிச்சக் காப்பியைக் குடிக்காமலே எழுந்தார். சஹ்னுன் எப்போது நழுவினான் என்று தெரியவில்லை.

"சரி, முடிஞ்சுதில்ல. ஏறு வண்டியில, வீட்டுக்குப் போலாம்" என்றான் ஜுமாகிர்.

"நான் வரல. பாக்க வந்த கரையை இன்னும் பாக்கவே இல்ல."

"இவ்வளவு நடந்தப்புறமுமா? வீட்ல கேட்டா நான் என்னடி சொல்றது?"

ஹுஸ்னி நடந்துபோய் ஹைக்கேயின் எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கோபம் ஒரு பொட்டும் குறையவில்லை. குறைய வேண்டும் என்று அவளுக்கு ஆசையும் இல்லை.

"இனாக்!" என்று அடுப்பங்கரைப் பக்கம் குரல் கொடுத்தாள். "அந்த வாடகையில காலைச் சாப்பாடும் சேத்திதானே? எனக்கும் ஒரு வாழைப்பழ அடை!"

அடை வந்தது. அண்ணன் வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவனையே பார்த்தபடி, கடைசித் துண்டு வரைக்கும் தின்றாள்.