ஆறட்டும் என்று மூடி வைத்த குழம்பு

1

இந்தக் கதை என் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலிருந்து வந்தது. கதை எப்படித் தோன்றியது என்று கேட்டால் சிலர் கனவு கண்டேன் என்பார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஃப்ரிட்ஜ் குளிரவில்லை, மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் தரையில் படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, பின்பக்கத்துத் தூசியைப் பிரஷ்ஷால் தள்ளினார். வேலை முடிந்து கை கழுவும்போது கேட்டார்.

"மேடம், குழம்பு கெட்டுப்போச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"மோந்து பார்த்தா தெரியாதா?"

"தெரியலையே," என்றார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் கட்டியது. ஆனால் அந்தத் 'தெரியலையே' சமையல் சந்தேகத்தில் வந்த சொல் இல்லை. அந்த மனுஷன் பயந்து போயிருந்தார்.

2

[அந்த வீட்டில் அன்று மகிழ்ச்சி பொங்கி வழிந்தது, ஏனென்றால்]

சீ. அந்த வரியை அடித்துவிட்டேன். மகிழ்ச்சி பொங்குகிற வீடென்றால் அவர் ஏன் முன்பின் தெரியாத என்னிடம் கேட்கப் போகிறார்?

[மெக்கானிக்கின் மனைவி பிரிந்துபோய் இரண்டு வருஷம் ஆகிறது. காரணம்]

காரணம் உங்களுக்கு வேண்டாம், எனக்கும் தெரியாது. ஒரே மகள், அம்மாவோடு இருக்கிறாள். வீட்டில் கூப்பிடும் பெயர் வாலு. அப்பாவை வந்து பார்ப்பாள், பொழுது சாய்வதற்குள் கூட்டிப்போய்விடுவார்கள். இந்தப் பிறந்தநாளை, கூடப் படிக்கிற பிள்ளைகளையும் கூப்பிட்டு, அப்பா வீட்டில்தான் கொண்டாட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அம்மா இறங்கி வந்தாள், கொஞ்சம்தான்.

"அவளுக்கு ஒரு வேளை ஒழுங்கா சாப்பாடு போட முடியுதான்னு பார்ப்போம். அதுக்கப்புறம் வாரா வாரம் அனுப்புறதைப் பத்திப் பேசலாம். கடையில வாங்கித்தானே போடுவீங்க?"

"நானே சமைக்கிறேன்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டார். அதுவரை அந்த அடுப்பில் அவர் செய்தது வெந்நீரும் அவித்த முட்டையும்.

3

முந்தின நாளே சமைத்து வைத்தால் மறுநாள் பரபரப்பு இருக்காது, குழம்பும் ருசி ஏறும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பக்கத்து வீட்டில் பெரிய பாத்திரம் இரவல் வாங்கினார். கோழி, உருளைக்கிழங்கு, தக்காளி. வெங்காயம் நறுக்கவே பாதிப் பகல் போயிற்று. காரம் கூடிவிட்டதோ என்று எலுமிச்சம்பழம் பிழிந்தார். போதுமா என்று தெரியாமல் இன்னொன்றும் பிழிந்தார். மாலையில் அடுப்பை அணைத்துவிட்டு, பாத்திரத்தை எட்டிப் பார்த்துக் கொஞ்ச நேரம் பெருமையாக நின்றார். பாவம், நிற்கட்டும் என்று நானும் அவசரப்படவில்லை.

அடுத்தது அவர் செய்த தப்பு. போகிற வீட்டிலெல்லாம் அவர் ஓதுகிற மந்திரம் ஒன்று உண்டு: "சூடா எதையும் உள்ள வைக்காதீங்க, கம்ப்ரசர் போயிடும்." ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுத் தானே மீறுவாரா? ஃப்ரிட்ஜின் தட்டுகளைக் கழற்றி இடம் பண்ணி வைத்தார். குழம்பு ஆறட்டும் என்று இறுக்கி மூடி, மூடிமேல் ஒரு துணியும் போட்டார். நாற்காலியில் உட்கார்ந்து ஆறுவதற்காகக் காத்திருந்தார். அப்படியே தூங்கிப்போனார்.

(ஓர் உபரிக்குறிப்பு: முதல் வரைவில் இவருக்கு ஓர் அக்கா இருந்தாள். காலையில் இவர் ஃபோன் பண்ணுவார், அவள் "அட மடையா, கொட்டுடா அதை" என்பாள், கதை முடிந்துவிடும். அக்காவை எடுத்துவிட்டேன். கேட்பதற்கு ஓர் ஆள் இருந்திருந்தால் இவர் என்னிடம் கேட்டிருக்க மாட்டார்.)

காலையில் குழம்பின் மேலே விரல் வைத்தார். ஆறியிருந்தது. அப்பாடா என்று கரண்டியை அடிவரை விட்டுக் கிளறினார். நடுவிலிருந்து சூடு வந்தது. கொதிக்கிற சூடு இல்லை. காய்ச்சல் கண்ட பிள்ளையின் கழுத்தைத் தொட்டால் தெரியுமே, அந்தச் சூடு. குளிரையும் சூட்டையும் விரலால் அளந்தே பிழைக்கிறவர். அந்தச் சூடு ராத்திரி முழுக்க அங்கேயே இருந்திருக்கிறது, குழம்பு கெட அது போதும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முகர்ந்தார். மசாலா வாசனைதான். நாக்கில் வைத்தார். புளித்தது. தக்காளியா, எலுமிச்சையா, வேறெதுவுமா? நேற்று ருசி பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தார். நாக்கைச் சுட்டுக்கொண்டதுதான் ஞாபகம் இருக்கிறது. நன்றாக இருந்தால் எப்படி இருக்கும் என்றே தெரியாதவருக்குக் கெட்டது மட்டும் எப்படித் தெரியும்?

4

கடையில் வாங்கித் தொலைக்கலாமே என்று நீங்கள் பல்லைக் கடிப்பது கேட்கிறது. நானும் அவரிடம் சொல்லிப் பார்த்தேன். அந்த வரியை எழுதும்போதெல்லாம் அவர் மனைவி வாசலில் வந்து நின்று, "தெரியும்," என்கிறாள். வேறெதுவும் சொல்வதில்லை. அந்த ஒரு சொல்லுக்கு இவர் நடுங்குகிறார்.

இவரை எனக்குப் பிடிக்கிறதா என்று இந்த இடத்தில் சந்தேகம் வந்தது. பிள்ளையை நினைக்கிறாரா, ஜெயிப்பதை நினைக்கிறாரா? இரண்டு நாள் எழுதாமல் விட்டேன். பிறகு இவரே ஒரு காரியம் செய்தார்.

குழம்பை மறுபடி கொதிக்க வைத்தார். ஒரு தட்டு நிறையப் போட்டுக்கொண்டு, பிடிக்காத மருந்தைக் குடிக்கிற மாதிரி, மிச்சம் வைக்காமல் தின்றார். 'எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா பிள்ளைங்களுக்கும் ஆகாது.' அந்த வயிற்றோடுதான் என் வீட்டுக்கு வேலைக்கு வந்தார். நான் மோந்து பார்க்கச் சொன்னேன்.

மதியம் வரை ஒன்றுமில்லை. பலூன் ஊதினார், ஜன்னல் துடைத்தார். அதற்கப்புறம் வயிறு கலக்கியது. அது குழம்பா, பயமா? [ஒருவேளை காலையிலிருந்து வேறெதுவும் சாப்பிடாததால்] இல்லை, அந்தச் சாக்கை நான் அவருக்குக் கொடுக்க மாட்டேன். அவரே தேடிக்கொள்ளட்டும்.

5

மற்றப் பிள்ளைகள் வருவதற்கு முன்பே அம்மாவும் மகளும் வந்துவிட்டார்கள்.

"கடையிலா?"

"இல்ல. நானே வச்சேன்."

அம்மா மூடியைத் திறந்தாள். குனிந்து பார்த்தாள்.

"வாசனை நல்லாத்தான் இருக்கு," என்றாள். ஆச்சரியத்தை மறைக்கவில்லை. "பரவாயில்லையே."

அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் கேட்டு எத்தனை காலம்! அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் ஹாலுக்குப் போய் மெழுகுவர்த்தியைப் பிரித்தாள். வாலு மட்டும் சமையலறையிலேயே நின்றாள்.

"அப்பா, வீட்டுலயே சாப்பிட்டுட்டு போகலாம்னு அம்மா சொன்னாங்க."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்ட மாதிரி தட்டைக் கழுவி வச்சுட்டேன். சொல்லிடாதே. எனக்குப் பசி உயிர் போகுது. நிறைய போடு."

6

முடிவு (அ): பிள்ளையின் எதிரிலேயே குழம்பைக் கொட்டுகிறார். "கெட்டுப்போச்சு, அப்பாதான் கெடுத்துட்டேன்." அவள் அம்மா கத்தவில்லை. ஃபோனில் சாப்பாடு வரவழைக்கிறாள். கேக் வெட்டுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். வாரா வாரம் என்ற பேச்சு அதற்கப்புறம் எழவே இல்லை.

முடிவு (ஆ): பரிமாறுகிறார். ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ் என்று எதிர்பார்க்கிறீர்களா? அது லேசான கதை. என் (ஆ)வில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வாலு இரண்டாவது தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். வாரா வாரம் வருகிறாள். "அப்பா, அந்தக் குழம்பு வை," என்கிறாள். அவர் வைக்கிறார். தன் பிள்ளை தன்னிடம் வரவேண்டும் என்பதற்காக அவளுக்கே எதைப் போடத் துணிந்தோம் என்பது அவருக்கு மட்டும் தெரியும். அதைத் தெரிந்துகொண்டே அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், வாரா வாரம்.

இதில் (ஆ)தான் சந்தோஷமான முடிவு. என்னால் எழுத முடியாமல் இருப்பதும் அதுதான். (அ)வை எழுதலாமென்றால், அந்தப் பிள்ளை பசியோடு காத்திருக்கிறாள். அவள் முகத்தை நான்தான் உண்டாக்கினேன், என்னால் பார்க்க முடியவில்லை.

அதனால் எழுந்து போகிறேன். கரண்டி இப்போது உங்கள் கையில் இருக்கிறது. ஹாலிலிருந்து அம்மா, "என்ன அங்க இவ்வளவு நேரம்?" என்று கேட்கிறாள். வாலு தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். சீக்கிரம் ஏதாவது செய்யுங்கள், கை வலிக்கும் அவளுக்கு.