தங்கைக்கு ஒரு மார்புக் கவசம்

தங்கை தேநீர்க் கோப்பைக்குக் கை நீட்டியபோது சட்டைக்கை மேலேறியது. முழங்கையைச் சுற்றிக் கன்றிப்போய், நடுவில் தோல் உரிந்திருந்தது.

“எங்க விழுந்த?” என்று கேட்டாள் அக்கா.

“மாடிப்படியில.”

“நம்ம மாடிப்படியில செம்மண் இருக்கா? உன் பேன்ட் பூரா செம்மண்ணு. துவைச்சவ நான்.”

தங்கை கையை இழுத்துக்கொண்டாள். தேநீர் ஆறத் தொடங்கியது.

அக்காவின் கணவர் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கரடுமுரடான மண்ணில் பைக் ஓட்டுவதென்றால் அவருக்கு உயிர். மைத்துனிக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். ஞாயிறு விடிந்தால் போதும், இருவரும் ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரிக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்தக் கடைசி ஞாயிறு, வெயில் தாங்கவில்லை என்று மார்புக் கவசத்தைக் கழற்றி மரக்கிளையில் மாட்டினார். “ஒரே சுத்துதான்” என்றார். மேட்டில் ஏறிய வண்டி அவரைத் தூக்கியெறிந்து அவர் மேலேயே கவிழ்ந்தது. ஹேண்டில் நெஞ்சில் இறங்கிவிட்டது. முன்னால் போய்க்கொண்டிருந்த தங்கை, பின்னால் சத்தம் நின்றதும் திரும்பி வந்து பார்த்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதன்பின் அந்த வீட்டில் பைக் என்ற பேச்சே எழவில்லை. அக்கா திரைச்சீலை தைக்கும் பட்டறைக்குப் போவாள், வருவாள். தங்கை டிரைவிங் ஸ்கூலில் பிறருக்கு வண்டி பழக்கிவிட்டு வந்து, சாப்பிட்டதும் படுத்துவிடுவாள்.

“குவாரிக்கு எத்தனை தடவ போன?” என்று கேட்டாள் அக்கா.

“ரெண்டு மூணு தடவைதான்க்கா.”

“நெஞ்சுக்கு என்ன போட்டுக்கிட்ட?”

“ஒண்ணும் இல்ல. என் கவசத்தப் பாத்தாலே அத்தான் ஞாபகம். அப்பவே தூக்கிப் போட்டுட்டேன்.”

அக்கா கத்தப்போகிறாள் என்று தங்கை காத்திருந்தாள். அக்கா எழுந்து கோப்பைகளைக் கழுவி வைத்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, “சட்டைய மாத்து. கடைக்குப் போலாம்” என்றாள்.

பைக் கவசங்கள் விற்கும் அந்தக் கடைக்காரரை வண்டி ஓட்டுபவர்கள் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். யார் வந்தாலும் முதலில் எங்கே அடிபட்டது என்று கேட்பார். தங்கையின் முழங்கையைத் திருப்பிப் பார்த்தவர், அக்காவை ஏறிட்டுப் பார்த்ததும் அடையாளம் கண்டு கையை விட்டுவிட்டார். இறுதிச் சடங்குக்கு அவரும் வந்திருந்தார்.

பூட்ஸ், முழங்கால் கவசம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அக்கா ஒவ்வொன்றின் உட்புறத்தையும் திருப்பித் தையலைப் பார்த்தாள். ஒரு கவசச் சட்டையைத் தள்ளிவைத்தாள்.

“இப்படித் தைச்சா எங்க முதலாளி என்னை அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாரு. வேற காட்டுங்க.”

கடைக்காரர் சிரிக்காமல் உள்ளே போய் வேறொன்று கொண்டுவந்தார். நெஞ்சில் கெட்டியான தகடு வைத்தது. அக்கா அதை முஷ்டியால் குத்தினாள். இன்னும் பலமாகக் குத்தினாள்.

“அன்னைக்கு அவர் இதப் போட்டிருந்தா பொழச்சிருப்பாரா?”

கடைக்காரர் தகட்டைத் தடவிப் பார்த்தார். “தெரியலம்மா. போட்டும் போனவங்க இருக்காங்க. போட்டதால எழுந்து வந்தவங்க அதிகம். பொய் சொல்லி விக்க எனக்கு மனசு வராது.”

அக்கா தலையசைத்தாள்.

“போகாதேன்னு சொல்லேன்க்கா” என்றாள் தங்கை. “நிறுத்திடுறேன்.”

“சொன்னா நிறுத்திடுவியா?”

தங்கை வாயைத் திறந்தாள். பொய் வரவில்லை. “மாட்டேன்.”

“அப்புறம் என்ன? கையத் தூக்கு.”

கவசத்தை மாட்டி, வார்களை அக்காவே இழுத்துச் சரிசெய்தாள். தங்கை பூட்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, ஹெல்மெட் எப்படிப் பொருந்த வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார். கன்னத்தை அழுத்த வேண்டும், தலையை ஆட்டினால் அதுவும் கூடவே ஆட வேண்டும். அக்கா ஒன்றை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். கண்ணாடியையும் இறக்கினாள். உள்ளே அவள் மூச்சு மட்டும்தான் கேட்டது. இதற்குள்ளிருந்துதான் அவர் உலகத்தைப் பார்த்திருக்கிறார். அவள் அப்படியே நின்றாள். தோள்கள் குலுங்கின. கடைக்காரர் அலமாரிப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே ஒழுங்காயிருந்த கையுறைகளை அடுக்கத் தொடங்கினார்.

கழற்றியபோது முகம் நனைந்திருந்தது. “கொஞ்சம் இறுக்கமா இருக்கு” என்றாள்.

அடுத்த ஞாயிறு அவளும் கல்குவாரிக்குப் போனாள். அதுவே முதல் முறை. “எந்த இடம்?” என்று கேட்டாள். தங்கை மேட்டைக் காட்டினாள். அக்கா அங்கே நடந்துபோய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

தங்கை வண்டியைக் கிளப்பினாள். மூன்றாவது வளைவில் சக்கரம் வழுக்கிக் குப்புற விழுந்தாள். அக்கா செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் தங்கை எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

“வலிக்குதா?”

“இல்லக்கா.”

“பொய் சொல்லாத.”

“கொஞ்சம்.”

அக்கா மண்டியிட்டு அவள் நெஞ்சிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். பிறகு இருவருமாகச் சேர்ந்து வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள்.