தடிப் புத்தகம்

எட்டாவது மாதத்தில் தாமரைச்செல்வியின் வயிற்றில் குழந்தை அசையவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனதும் ஆபரேஷன் செய்தார்கள். உயிர் இல்லை. பெண் குழந்தை. மயக்கம் தெளிந்து அவள் கேட்டபோது, "பாக்காத. பாத்தா மறக்க முடியாது" என்று அம்மா தடுத்துவிட்டாள். அன்று மத்தியானமே அவள் புருஷன் எழிலரசன் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டு வந்தான்.

மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டது. பால் வற்றட்டும் என்று அம்மா மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டிவிட்டாள். வலியைவிட அந்த வாசனையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

சாரம் பகுதியில், ஒரு மாடி வீட்டில் குடியிருந்தார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி பேசினார்கள். "சின்ன வயசுதான, அடுத்த வருஷமே பொறக்கும்." ஒரு மாதம் கழித்து அம்மா ஊருக்குப் போனதும் தாமரைச்செல்வி கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். எழிலரசன் டயர் கம்பெனியில் காலை ஷிப்டு முடித்து மூன்று மணிக்கு வருவான். சாப்பிடுவான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். இவன் அழவே இல்லையே என்று அவளுக்கு உள்ளுக்குள் எரியும்.

ஒருநாள் கீழ் வீட்டு பொலின் மதாம் கதவைத் தட்டினாள். வீட்டுக்காரி. புருஷன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து செத்துப்போனவர்.

"நான் ஒண்ணும் சொல்ல வரல. இந்த புக்கு தடியா இருக்கு. அவரு போனப்ப நான் தடி தடியாத்தான் படிச்சேன். சின்னதுன்னா சீக்கிரம் முடிஞ்சிடுது."

கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

பள்ளிக்கூடப் பாடம் தவிர தாமரைச்செல்வி எதையும் முழுசாகப் படித்ததில்லை. இரண்டு நாள் அது ஜன்னலில் கிடந்தது. மூன்றாம் நாள் திறந்தாள். காணாமல் போன தம்பியைத் தேடி லாரி ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் ஒரு பெண்ணின் கதை. அந்தக் கதைக்குள் தாமரைச்செல்வியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, எதுவும் சொல்லவில்லை. நிமிர்ந்தபோது உலையில் தண்ணீர் வற்றியிருந்தது. ஒரு மணி நேரம் வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் இருந்திருக்கிறாள்.

அந்த வாரம் எழிலரசன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

"அந்தப் பொண்ணு தம்பியக் கண்டுபிடிச்சிட்டாளா?"

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீ தூங்கறப்ப எடுத்துப் பாத்தேன். எனக்குப் படிச்சா தலை வலிக்குது. நீயே படிச்சுக் காட்டேன்."

அவள் சத்தமாகப் படித்தாள். அதற்குப் பிறகு தினமும் சாப்பாடு முடிந்ததும் பத்துப் பக்கம். அவன் சுவர்ப் பக்கம் திரும்பாமல் கேட்டான்.

ஒருநாள் லாரிக்காரி போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கும் இடம் வந்தது. "தம்பிக்கு அங்க அடையாளம் ஏதாவது உண்டா?" என்று ஏட்டு கேட்பதைப் படித்தவள் நிறுத்தினாள். எழிலரசன் முகம் கோணிக்கொண்டு போனது.

"தலை நெறைய முடி செல்வி. கருகருன்னு. வலது காதுக்குக் கீழ ஒரு மச்சம்."

அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புத்தகம் மடியிலிருந்து நழுவியது.

"யார மாதிரி இருந்தா?"

"மூக்கு ஒன்னுதுதான். வெரலு நீளமா இருந்துச்சு. இத ஒங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. சொல்லாம இருக்கவும் முடியல."

அன்றுதான் முதல் முறையாக அவன் அழுதான், வாயைப் பொத்திக்கொண்டு. அவன் தலையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு அவளும் அழுதாள். இத்தனை நாள் அந்த முகத்தை அவன் ஒருவனே சுமந்துகொண்டு ஷிப்டுக்குப் போய் வந்திருக்கிறான்.

"எங்க பொதைச்சீங்கன்னு காட்டுங்க" என்றாள்.

மறுநாள் பைக்கில் அழைத்துப் போனான். கல் இல்லை, பெயர் இல்லை. வேப்பமரத்திலிருந்து நான்கு எட்டு வைத்து, "இங்கதான்" என்றான். புல் முளைத்திருந்தது. அவள் உட்கார்ந்து உள்ளங்கையை மண்மேல் வைத்தாள். வெயிலில் மண் சுட்டது. கையை எடுக்காமல் வெகுநேரம் இருந்தாள். அவனும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.