தரையைத் தொட்ட குதிகால்

1

இந்தக் கதை ஒரு புகைப்படத்திலிருந்து வந்தது. மியான்மரின் யாங்கோனில் நடந்த ஜப்பானியக் கோடை விழா. பன்னிரண்டு பெண்கள் வரிசையாக ஆடுகிறார்கள். மடித்த வைக்கோல் தொப்பிகள் முகங்களை மறைக்கின்றன. மரச்செருப்பின் முன்நுனியில்தான் பெண்கள் ஆட வேண்டும். குதிகால் தரையில் படக்கூடாது. ஏழாவது ஆளின் குதிகால் மட்டும் தரையில் இருக்கிறது.

மற்றதெல்லாம் நான் கட்டியது.

2

'புறநகர் இன்சீனிலிருந்து வந்த ரயிலில் சாந்தி தன் தம்பியை'

வேண்டாம். ரயிலில் ஏற்றினால் கதை மெதுவாகிவிடும். அவர்களுக்கு நேரமில்லை.

மண்டபத்தின் பின்னறை. பிற்பகல் மூன்று மணி. சாந்தி, தம்பி சுரேந்திரனுக்கு ஜப்பானிய அங்கியை உடுத்தி இடுப்புப் பட்டையை இறுக்குகிறாள். கட்டாய ராணுவச் சேர்ப்புப் பட்டியலில் அவன் பெயர் வந்துவிட்டது. பட்டியலோடு வார்டு ஆபீசர்* வெளிவாசலில் நிற்கிறார். வெளியேறும் இளைஞர்களை நிறுத்துகிறார். பெண்கள் வரிசை ஆடியபடியே வாசலைக் கடந்து வேனில் ஏறும்.

"மூச்சு விட முடியலக்கா."

"வேன்ல ஏறி விடு."

"மீசைய எடுத்ததும் நல்லாத்தான் இருக்கேன், இல்ல?"

"அம்மா பாத்தா மாப்பிள்ளை தேடிரும். வாய மூடு. குதிகால் கீழ வந்துச்சு, கால ஒடிச்சிருவேன்."

(* அவருக்குப் பெயர் வைக்கவில்லை. வைத்தால் அவருக்கும் ஒரு தம்பி வந்துவிடுவான்.)

3

சுரேந்திரன்மேல் எனக்கு நம்பிக்கையில்லை. நான்கு வருடம் ஆண்கள் வரிசையில் ஆடியவன். ஆண்கள் முழங்காலை மடக்கித் தாழ்ந்து, பாதம் பதித்து ஆடுவார்கள். பயந்த உடம்பு பழகியதைத்தான் செய்யும்.

சாந்திக்கும் இது தெரியும். அவனை ஏழாவதாக நிறுத்தி, அவன் பின்னால் எட்டாவதாக அவளே நிற்கிறாள்.

முரசு அதிர்கிறது. கைகளை உயர்த்தியபடி சாந்தி அவன் கால்களையே பார்த்து ஆடுகிறாள். வாசலுக்கு இருபது அடி. பத்து. ஆபீசர் ஃபோனை உயர்த்துகிறார். சுரேந்திரனின் முழங்கால் மடங்குகிறது. குதிகால்

4

ஒன்றை மறைத்துவிட்டேன். அந்தப் படத்தை எடுத்தவர் இந்த ஆபீசர்தான்.

சாந்தி வேண்டுமென்றே தடுக்கி விழுவதாக ஒரு முடிவு எழுதினேன். அடித்துவிட்டேன். படத்தில் யாரும் விழவில்லை. பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏழாவது ஆள் மட்டும் என்று சொன்னது தவறு. எட்டாவது ஆளின் குதிகாலும் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஒருத்தி செய்தால் பிழை. இருவர் செய்தால் ஆட்டத்தில் அப்படியும் ஓர் அடவு உண்டுபோல.

ஆபீசர் தொப்பிகளை எண்ணுகிறார். பன்னிரண்டு. திருப்தியாகத் தலையசைத்து, பக்கத்தில் நிற்கும் உங்களிடம் ஃபோனை நீட்டுகிறார்.

"நல்லா ஆடறாங்க, இல்ல?"

வேன் இன்னும் கிளம்பவில்லை. படத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அவர் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.