பித்தளை மூடியில் எடுத்த அச்சு

மாமனாரின் கொட்டகையில் நிற்கும் அந்தப் பழைய மோட்டார் காரைச் செய்தது எந்தக் கம்பெனி என்று ஆறு வருடங்களுக்கு முன்பே நான் சொல்லியாயிற்று. பெயர்த்தகடு எப்போதோ கழன்று தொலைந்திருந்தது. முன் ஆக்சிலின் வளைவு, சக்கரத்தின் பன்னிரண்டு மர ஆரங்கள், விளக்கு மாட்டும் கொக்கி எல்லாவற்றையும் பழைய படங்களோடு ஒப்பிட்டு, நட்சத்திர முத்திரைக் கம்பெனி என்று எழுதிக் கொடுத்தேன். மாமனார் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். அந்த வீட்டில் எனக்கிருந்த மரியாதை முழுவதும் அந்தச் சட்டத்துக்குள்தான் இருந்தது.

இளைய மாப்பிள்ளை, என் சகலை, பல் மருத்துவர். கல்யாணமாகி நான்கு மாதம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பல்லுக்கு அச்செடுக்கும் இளஞ்சிவப்புப் பசையோடு வந்து, சக்கரத்தின் நடுவிலிருந்த பித்தளை மூடியில் அப்பினார். கம்பெனி முத்திரை பொறித்திருந்த இடம் அது; நூறு வருடம் துடைத்துத் துடைத்தே வழுக்கையாகிப்போன மூடி.

"கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம்கூட இதுல விழும், அண்ணா."

"என் காரையே வாயைத் திறக்கச் சொல்றாரு," என்று சிரித்தார் மாமனார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. "மூத்தவரே, நீங்க ஆறு மாசம் எடுத்துக்கிட்டீங்க. இவரு அஞ்சு நிமிஷங்கிறாரு."



சகலை கை கழுவப் போனார். குழாயைக் காட்ட மாமனாரே கூடப் போனார். நான் வந்த புதிதில் அந்தக் குழாயை நானாகத்தான் தேடிக் கண்டுபிடித்தேன்.

பசையை மெல்ல உரித்துப் பார்த்தேன். நட்சத்திரம் இல்லை. ஒரு சிறகு. ஒவ்வொரு இறகும் தனித்தனியாக விழுந்திருந்தது.

பசை இன்னும் முழுதாக இறுகவில்லை. கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். மறுபடி மூடியில் லேசாக ஒட்டிவிட்டுத் தள்ளி நின்றேன்.

சகலை வந்து, உரித்து, வெளிச்சத்தில் பிடித்தார். சிறகு இருந்த இடத்தில் என் ரேகை, சுழி சுழியாக. வெகுநேரம் பார்த்தார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"என்ன மாப்ளே, ஏதாவது தெரியுதா?" என்றார் மாமனார்.

"சரியா விழல, மாமா. பசை நெறைய இருக்கு, இன்னொண்ணு எடுத்துடலாம்." கெட்டுப்போன அச்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "அண்ணா, விளக்கைக் கொஞ்சம் பிடிக்கிறீங்களா?"

பிடித்தேன். புதுப் பசை மூடியில் இறுகிக்கொண்டிருந்தது. நல்ல மனசும் இவருக்கே வாய்த்திருக்க வேண்டுமா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சகலையின் விரல் பசையின் ஓரத்துக்குப் போனது.

"நட்சத்திரம் இல்ல, மாமா," என்றேன். "சிறகு. நான் எழுதினது தப்பு."

அதையாவது சகலைக்கு முந்தி நான் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது.